அடுத்த அடியை அல்லாஹ் காட்டுவான்

புகழ் அனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! எனக்கும் உங்களுக்கும் முதலாவதாகத் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் தவிக்கும் நாட்கள் நம் எல்லோருக்கும் வருகின்றன. வெளிநாட்டு வேலை போய் ஊர் திரும்பியவருக்கு அடுத்த மாதச் செலவு எப்படி நடக்கும் என்று தெரியவில்லை. மகளுக்கு வந்த சம்பந்தத்தை ஏற்பதா, விடுவதா என்று ஒரு தகப்பனுக்குத் தெரியவில்லை. மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு இரவில் தூக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் யாராவது வந்து, “அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்” என்கிறார். நாவு ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்கிறது. உள்ளமோ, ‘வைத்துவிட்டேன், இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கிறது.

இந்தக் கேள்வி தவறானதல்ல. இதற்குக் குர்ஆனில் பதில் இருக்கிறது. குர்ஆனில் அதிகமான இடங்களில் பெயர் சொல்லப்பட்ட நபி மூஸா (அலை) அவர்கள்தாம். அவர்களுடைய வாழ்க்கையில் மூன்று இடங்களை இன்று பார்ப்போம். மூன்றும் தண்ணீர் உள்ள இடங்கள்: ஒரு நதி, ஒரு கிணறு, ஒரு கடல்.

நதிக்கரையில் ஒரு தாய்

பனீ இஸ்ராயீல்களின் ஆண் குழந்தைகளைப் பிர்அவ்ன் கொன்று கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் நிற்கிறார். சூரா அல்கஸஸின் 7ஆம் வசனத்தில் அல்லாஹ் அந்தத் தாயின் உள்ளத்தில் போட்ட செய்தியைச் சொல்கிறான். குழந்தைக்குப் பால் கொடு; அதன் உயிருக்குப் பயந்தால் ஆற்றில் விட்டுவிடு; பயப்படாதே, கவலைப்படாதே; அவரை உன்னிடமே திருப்பித் தருவோம், தூதர்களில் ஒருவராகவும் ஆக்குவோம் என்பது அதன் கருத்து. இரண்டு கட்டளைகள், இரண்டு தடைகள், இரண்டு வாக்குறுதிகள் இந்த ஒரே வசனத்தில் அடங்கியிருப்பதாக முஃபஸ்ஸிரீன்கள் எடுத்துச் சொல்வார்கள்.

இதில் சொல்லப்படாதது எது என்று கவனியுங்கள். பெட்டி எந்தக் கரையில் ஒதுங்கும் என்று அந்தத் தாய்க்குச் சொல்லப்படவில்லை. யார் எடுப்பார்கள், எத்தனை நாளில் குழந்தை திரும்பும் என்றும் சொல்லப்படவில்லை. அந்தத் தாய் செய்ய வேண்டிய வேலை மட்டும் தெளிவாகச் சொல்லப்பட்டது: பால் கொடு, ஆற்றில் விடு.

அந்தத் தாய் அதைச் செய்தார். அதன் பிறகு நடந்ததையும் குர்ஆன் மறைக்கவில்லை. அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அல்லாஹ் அந்த உள்ளத்தை உறுதிப்படுத்தாமல் இருந்தால் உண்மையை வெளியே சொல்லிவிட்டிருப்பார் என்றும் அல்லாஹ் சொல்கிறான். தவக்குல் வைத்த உள்ளம்தான் அது, அதுவும் துடித்தது. ஆகவே, கவலையில் உங்கள் நெஞ்சு படபடக்கிறது என்பதால் ஈமான் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். படபடக்கும் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவதும் அல்லாஹ்வின் உதவிதான்.

அடுத்து அந்தத் தாய் தம் மகளைக் கூப்பிட்டு, பெட்டியின் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். அல்லாஹ் வாக்குக் கொடுத்திருக்கிறானே, பின்னால் ஆள் எதற்கு என்று நினைக்கவில்லை. அந்தப் பெண் பிள்ளை யாருக்கும் தெரியாமல் தூரத்திலிருந்து கவனித்தாள். குழந்தை எந்தச் செவிலித் தாயிடமும் பால் குடிக்கவில்லை. அப்போது அவள் முன்வந்து, நல்ல முறையில் வளர்க்கும் ஒரு குடும்பத்தைக் காட்டட்டுமா என்று கேட்டாள். குழந்தை தாயின் மடிக்கே வந்தது. யாருக்குப் பயந்து ஆற்றில் விட்டாரோ, அவனுடைய மாளிகைதான் அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

தாய் உட்கார்ந்து இதைத் திட்டம் போட்டிருந்தால், இப்படி ஒரு வழி கற்பனையில்கூட வந்திருக்குமா, சகோதரர்களே?

கிணற்றடியில் ஓர் அந்நியர்

அந்தக் குழந்தை வளர்ந்து வாலிபரானது. ஒரு நாள் மூஸா (அலை) அவர்களின் கை பட்டு ஒரு மனிதர் இறந்துவிட, கொலை செய்யத் தேடுகிறார்கள் என்ற செய்தி வருகிறது. எகிப்தை விட்டு மத்யன் நோக்கிப் புறப்படுகிறார்கள். அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை, தங்க இடமில்லை, கையில் வேலை இல்லை. என் இறைவன் எனக்கு நேரான வழியைக் காட்டக்கூடும் என்ற நம்பிக்கை மட்டும் நாவில் இருந்தது.

மத்யனின் கிணற்றடிக்கு வந்தபோது இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதைப் பார்க்கிறார்கள். தம்முடைய கஷ்டம் அவ்வளவு இருந்தும், அவர்களுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுக்கிறார்கள். கூலி கேட்கவில்லை. நிழலில் போய் உட்கார்ந்து, இறைவா, நீ எனக்கு இறக்கித் தரும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்று துஆச் செய்கிறார்கள். வீடு வேண்டும், வேலை வேண்டும் என்று பட்டியல் போடவில்லை. எது நன்மை என்பதை அவனிடமே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவர் வந்து, என் தந்தை உங்களை அழைக்கிறார் என்கிறார். அந்த அழைப்பில் பாதுகாப்பு கிடைத்தது, தங்குமிடம் கிடைத்தது, திருமணம் கிடைத்தது, எட்டு அல்லது பத்து ஆண்டுகளுக்கு வேலையும் கிடைத்தது.

வேலை தேடி அலையும் தம்பிமார்களே! உங்கள் கையில் இன்று எந்த நன்மையைச் செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள். தெரிந்த தொழிலைச் செய்யுங்கள், கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள், பிறருக்கு உதவுங்கள். பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்புவதை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. அந்தப் பறவை கூட்டை விட்டு வெளியே வந்தது.

கடற்கரையில் ஒரு சமுதாயம்

மூன்றாவது இடம் கடல். முன்னால் தண்ணீர், பின்னால் பிர்அவ்னின் படை. நாம் பிடிபட்டோம் என்று மூஸா (அலை) அவர்களின் கூட்டத்தார் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்கள். மூஸா (அலை) அவர்களின் பதில் சூரா அஷ்ஷுஅராவின் 62ஆம் வசனத்தில் இருக்கிறது: அப்படி இல்லை, என் இறைவன் என்னுடன் இருக்கிறான், அவன் எனக்கு வழிகாட்டுவான் என்ற கருத்தில் சொன்னார்கள்.

‘காட்டுவான்’ என்றார்கள். வழி எது என்று அந்த நொடி வரை அவர்களுக்கே தெரியாது. கடல் பிளக்கும் என்று தெரிந்து சொன்ன வார்த்தையல்ல அது. கைத்தடியால் கடலை அடியுங்கள் என்ற வஹீ அடுத்த வசனத்தில்தான் வருகிறது. கைத்தடியோ பல வருடங்களாக அவர்கள் கையிலேயே இருந்தது.

சங்கைக்குரிய ஜமாஅத்தார்களே! முழுப் பாதையும் கண்ணில் பட்ட பிறகு நடப்பதற்குத் தவக்குல் தேவையில்லை. இன்று கையில் இருக்கும் ஓர் அடியை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த அடியை அவன் காட்டுவான் என்று உறுதியாக இருப்பதுதான் தவக்குல்.

நமக்கு என்ன வாக்குறுதி?

‘மூஸா நபியின் தாய்க்கு, பிள்ளை திரும்பி வரும் என்று அல்லாஹ் சொல்லிவிட்டான். எனக்கு அப்படி யார் சொன்னார்கள்?’ என்று சிலருக்குத் தோன்றும். உண்மைதான். இந்த நோய் குணமாகும், இந்த விசா கிடைக்கும் என்று நமக்கு வஹீ வராது. ஆனால் நமக்கும் வாக்குறுதி இருக்கிறது. தக்வாவோடு நடப்பவருக்கு ஒரு வெளியேறும் வழியை ஆக்குவான், அவர் எண்ணிப் பார்க்காத புறத்திலிருந்து ரிஸ்க் தருவான், தன்னைச் சார்ந்திருப்பவருக்கு அவனே போதுமானவன் என்று சூரா அத்தலாக்கில் அல்லாஹ் கூறுகிறான். நாம் கேட்டதே கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. பாவமோ உறவை முறிப்பதோ இல்லாத துஆ வீணாவதில்லை. கேட்டது கிடைக்கும், அல்லது மறுமைக்குச் சேமிக்கப்படும், அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கு தடுக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். கேட்ட வாசல் மூடியே இருந்தாலும் கேட்டவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

இஸ்திகாராவும் பால் கிதாபும்

குழப்பமான நேரத்தில் நம்மில் சிலர் எங்கே போகிறார்கள்? பால் கிதாப் பார்க்கிறார்கள். குறி சொல்பவரிடம் போகிறார்கள். குறிகாரனிடம் போய் ஒன்றைப் பற்றிக் கேட்டவரின் நாற்பது இரவுகளின் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நாளை நடப்பதை அறிந்துகொள்ளும் ஆசையில் இன்றைய தொழுகையை இழந்துவிடாதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் நமக்குத் தந்தது இஸ்திகாரா. குர்ஆனின் சூராவைக் கற்றுத் தருவது போல, எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்ய எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஃபர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது அந்த துஆவை ஓத வேண்டும். யா அல்லாஹ், நீ அறிவாய், நான் அறியமாட்டேன். இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் இதை எனக்கு இலேசாக்கி பரக்கத் செய். கெட்டதென்றால் இதை என்னை விட்டும், என்னை இதை விட்டும் திருப்பிவிடு. நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்பதே அதன் கருத்து.

இந்த துஆவில் கனவு என்ற சொல்லே இல்லை. ஆனால் நம்மில் பலர் இஸ்திகாரா செய்துவிட்டு, பச்சை தெரிந்ததா, வெள்ளை தெரிந்ததா என்று கனவுக்காகக் காத்திருக்கிறார்கள். தொழுங்கள், துஆச் செய்யுங்கள், விவரம் தெரிந்தவர்களிடம் மஷ்வரா கேளுங்கள், நல்லதென்று தெரிவதில் இறங்குங்கள். அல்லாஹ் அதை இலேசாக்கினால் அது நன்மை. தடுத்துவிட்டால் அந்தத் தடையும் நன்மை.

இன்று வீட்டுக்குப் போனதும், பல நாட்களாக முடிவெடுக்காமல் தள்ளிப் போட்ட ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுது, அதை அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். பிறகு எழுந்து, செய்யக்கூடிய முதல் வேலையைச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு வழியைக் காட்டுவாயாக! மூஸா நபியின் தாயின் உள்ளத்தை உறுதிப்படுத்தியது போல எங்கள் உள்ளங்களையும் உறுதிப்படுத்துவாயாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், வேலை தேடுபவர்களுக்கு ஹலாலான ரிஸ்கையும் தருவாயாக! நீ கொடுப்பதிலும் நீ தடுப்பதிலும் எங்களைத் திருப்தியடையச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.