மாதிரியா, சாட்சியா?

கள்ளக்குறிச்சியில் கடல் இல்லை. கடலூர் மீன் ஐஸ் பெட்டியில்தான் எங்களுக்கு வந்து சேரும். அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் வாங்கியதில்லை. செக்கச்செவேலென்று இருந்தால் நல்ல மீன். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆனால் செவுள், மீன் செத்து எவ்வளவு நேரமானது என்பதைத்தான் காட்டும். அது எந்தத் தண்ணீரில் வாழ்ந்தது என்று அறிய ஈரலை அறுக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த எண்ணூர் கழிமுகத்து மடவையின் ஈரலைக் கோவளத்து மடவையின் ஈரலோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மடவை சேற்றை மேயும் மீன். சேற்றில் படிந்த ஈயமும் காட்மியமும் அதன் உடம்பில் சேரும். ஒரு குடுவைத் தண்ணீர் அன்றைய நிலவரத்தைச் சொல்லும். மீன் பல மாதக் கதையைச் சொல்லும். இதனால்தான் அதைச் 'சுட்டுயிரி' என்கிறோம்.

எனக்கு உறுத்துவது இதுதான்: கேடு நடக்கிறது என்று நம்புவதற்கு ஏன் ஓர் உடல் கெட வேண்டியிருக்கிறது?

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் விரிகுடாவில் கலந்தது. மீன்கள் மிதந்தன, பூனைகள் வலிப்பு கண்டு செத்தன. மனிதர்களின் நோய் 1956இல் பதிவானது. ஆலை அந்தக் கழிவை நிறுத்தியதோ 1968இல். இடையில், மீன் தின்ற தாய்மார் பலர் நலமாகத் தோன்ற, அவர்கள் பெற்ற பிள்ளைகள் முடங்கிப் பிறந்தார்கள். மீனுக்கும் பூனைக்கும் பிறகு பெண்ணின் கருப்பை சுட்டுயிரியானது.

தூரத்துக் கதை அல்ல. 2024 ஜூனில் எங்கள் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைச் சிதைக்கும். சாராயம் குடும்பத்தை அழிக்கிறது என்று பெண்கள் சொல்வது அன்று தொடங்கியதல்ல. அவர்கள் சொல் புலம்பலாகக் கேட்டது. பிணங்கள்தான் ஆதாரமாயின.

அப்படியானால் மீனைச் சோதிக்க வேண்டாமா? வேண்டும். அளவு இல்லாமல் வழக்கு நிற்காது. ஆனால் அளப்பது, ஏற்கெனவே சொன்னவர்களை நம்பாமல் இருப்பதற்கான சாக்காகிவிடக் கூடாது. கடலூர் சிப்காட் கிராமங்களில் 2004 முதல் ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, எந்த நாற்றம், எங்கே, எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்தார்கள். அங்கே உடல் வெறும் மாதிரியாக இல்லை, வாய் திறந்து பேசும் சாட்சியாக இருந்தது. மாதிரியை அறுக்கலாம். சாட்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தாவோடு கூடி வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. ஆக, கடல் இல்லாத ஊர் என்று நான் சொன்னது பாதி உண்மைதான். நாம் ஆற்றில் விடுவது அந்த முகத்துவாரத்து மடவைக்குப் போகிறது. கரையில் துவைக்கும் பெண் தண்ணீர் நாறுகிறது என்று சொன்னால், மீன் மிதக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவள் சொன்ன தேதியை எழுதி வையுங்கள், தோழிகளே.