முகம் கொடுத்தல்

காலையில் கண் விழித்ததும் அம்மா உள்ளங்கையைத்தான் பார்ப்பாள். முதல் பார்வை இன்னொருவர் மேல் விழக்கூடாதாம். விழுந்து, அந்த நாளும் கெட்டுப்போனால், 'இன்னைக்கு யார் முகத்துல முழிச்சேனோ' என்று வீட்டிலிருக்கும் யாரையாவது நோக வேண்டிவரும். அப்பா நேராகப் போய்க் கண்ணாடியில் விழிப்பார். பழி வந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்திருக்கலாம். கேட்டதில்லை.

*

முகம் மரியாதையான சொல். கோபம் வந்தால் அது மூஞ்சி ஆகிவிடும். இன்னும் ஏறினால் மொகரக்கட்டை. ஆனால் 'மூஞ்சி கழுவிட்டு வா, காப்பி ஆறுது' என்று சொல்லும்போது அதே மூஞ்சியில் எத்தனை வாஞ்சை.

*

கோபித்துக்கொண்டவர் முகத்தைத் 'தூக்கி வைத்துக்கொள்கிறார்'. அவமானப்பட்டவருக்கு முகம் 'தொங்கிப் போகிறது'. தொங்கியது புரிகிறது. தூக்கி எங்கே வைக்கிறார்கள்? பித்தளை அண்டாவைப் பரணில் ஏற்றுவதுபோல, வீட்டில் யாருக்கும் எட்டாத உயரத்தில் என்றுதான் தோன்றுகிறது. இறக்க இன்னொருவர் வரவேண்டும்.

*

பள்ளிக்கூடத்தில் 'முகத்தல் அளவை' என்று வாய்ப்பாட்டில் வந்தபோது, முகத்தை எதற்கு அளக்கிறார்கள் என்று குழம்பியிருக்கிறேன். அது மொள்ளுகிற முகத்தல். படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் அந்தக் கணக்கு.

*

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. முன்னதில், அரசனின் மனத்தை அமைச்சன் அறிகிற இடத்தில், 706, 707, 708 என்று அடுத்தடுத்து மூன்று குறள்களில் முகம் வருகிறது. பின்னதில், காதலர் ஒருவரையொருவர் அறிகிற இடத்தில், பத்துக் குறளிலும் முகம் என்ற சொல்லே இல்லை. கண் வருகிறது, நோக்கு வருகிறது, மெல்லிய நகை வருகிறது. பக்கத்தில் போனபின் முழு முகம் தெரிவதில்லை என்பதாலா? வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மழைநாளில் இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது கண்ணில் பட்டது.

*

தாட்சண்யம் நல்ல குணம். அதன் முன்னால் முகத்தைச் சேர்த்து முகதாட்சண்யம் என்றால் பலவீனம். தூரத்து உறவுக்காரர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். போனில் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். போட்டுவிட்டேன். மூன்று வருஷம் நோட்டீஸ் எனக்கு வந்தது. அவர் ஏமாற்றுக்காரர் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். மாட்டிவிட்டது அந்த ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான்.

*

மனிதருக்கு முகம் தலையில். ஆற்றுக்கு அது முடிகிற இடத்தில். கழிமுகம், முகத்துவாரம். வடமொழியில் முகம் என்றால் வாயும்தான். சொல் எங்கிருந்து எங்கே போனது என்பதில் வழக்கு உண்டு, மொழியறிஞர் பாவாணர் தமிழ்தான் என்று நின்றார். கொழும்பின் வடக்கே, களனி கங்கை கடலைச் சேரும் பக்கத்தில், ஓர் ஊருக்கே தமிழில் முகத்துவாரம் என்று பெயர். பழவேற்காட்டில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் படகுகள் ஏரிக்குள்ளேயே நிற்கும். தூர் வாரித் தரச் சொல்லி மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

*

'அவன் முகம் கொடுத்தே பேசல.' இதைவிடப் பெரிய புகாரை எங்கள் பக்கத்துச் சொந்தபந்தங்களிடம் நான் கேட்டதில்லை. சோறு போட்டிருப்பார்கள், பணம்கூடக் கொடுத்திருப்பார்கள். முகம் கொடுக்கவில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நெருக்கடிக்கும் 'முகங்கொடுக்கிறார்கள்', சவாலுக்கும் முகங்கொடுக்கிறார்கள். நாம் 'எதிர்கொள்வோம்'. முதன்முதலில் படித்தபோது விநோதமாக இருந்தது. இப்போது அதுதான் சரியான சொல் என்று படுகிறது. எதிர்கொள்ள நெஞ்சை நிமிர்த்தினால் போதும், முகம் கொடுக்கத் திரும்பியாக வேண்டும்.

*

அப்பாவும் பெரியப்பாவும் பன்னிரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வரப்புத் தகராறு. கல்யாண வீடுகளில் ஒருவர் பந்தியில் இருந்தால் மற்றவர் வாசலில் இருப்பார்.

பெரியப்பா இறந்த அன்று அப்பா போனார். பந்தலின் கடைசிக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். நீர்மாலை வந்தது, பெண்கள் சுற்றி வந்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். அப்பா அசையவில்லை. தூக்குவதற்கு முன் ஒருவர் குரல் கொடுத்தார்: 'முகம் பாக்குறவங்க பாத்துக்குங்கப்பா.' யாரும் வராததால் இன்னொரு தரம் சொன்னார். கூட்டம் தானாக விலகியது. அப்பா போய்க் குனிந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து தலைமுழுகினார். சாப்பாடு வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கண்ணாடி முன் போய் நின்றார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முகவெட்டு.