கேட்காமல் எடுத்த படம்

புதுவை இளவேனில் எடுத்த கி.ரா. படங்களைப் பார்த்துதான் எனக்குக் கேமரா வாங்கும் ஆசையே வந்தது. அவற்றில் கி.ரா. போஸ் கொடுப்பவராகத் தெரியவில்லை. தன் வீட்டில் சும்மா இருப்பவராகத் தெரிந்தார். அதிலிருந்து நானாக ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்: சொல்லாமல் எடுத்தால்தான் உண்மையான முகம் கிடைக்கும்.

அந்தப் பாடத்தோடுதான் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், ஞாயிற்றுக்கிழமை மாலை. ஓர் அரங்கில் பிரபல எழுத்தாளரைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம். இரண்டு கடை தள்ளி, மூத்த சிறுகதையாசிரியர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் அவருடைய புதுத் தொகுப்பு, அடுக்கு குலையாமல். யாராவது பக்கத்தில் வந்தால் பேனா மூடியைக் கழற்றுவார். அவர்கள் கடந்து போனதும் மாட்டுவார். எதிர்க்கடையில் நின்று 50 எம்.எம். லென்ஸில் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அது.

மனசு கேட்கவில்லை. போய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா இருக்கு தம்பி. ஆனா வெளிய போட்டுறாதீங்க. வீட்ல பாத்தா வருத்தப்படுவாங்க.”

எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. “நீங்க மட்டும் கதையில வர்றவங்ககிட்ட கேட்டுட்டா எழுதுறீங்க சார்?” என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார். “கேட்டதில்ல. எங்க சித்தியப் பத்தி ஒரு கதை எழுதினேன். ஊரு, பேரு, புருஷன் வேலை எல்லாத்தையும் மாத்திட்டேன். அவங்களா சொன்னாத்தான் அடுத்தவங்களுக்குத் தெரியும். இதுல நீங்க என்னத்த மாத்துவீங்க?”

என்னிடம் பதில் இல்லை. கதையும் ஒரு ஆளிடமிருந்து எடுத்துக்கொள்கிறதுதான். ஆனால் அவர் ஒளிந்துகொள்ள ஓர் இடம் விடுகிறது. புகைப்படத்தில் அதே முகம்தான். பொது இடம், எடுத்தால் என்ன என்று வாதாடலாம். ஆனால் அவர் அங்கே வந்தது வாசகரைப் பார்க்க. வாசகர் வராததை ஊர் பார்க்க அல்ல. நான் உண்மையைத்தானே எடுத்தேன் என்றும் சொல்லலாம். அந்த உண்மைக்கு விலை கொடுக்கப்போவது நானில்லையே.

இளவேனில் படங்களில் எதைத் தவறவிட்டேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. கி.ரா. அப்படி இருந்தது கேமராவைக் கவனிக்காததால் அல்ல, எதிரில் இருந்தவரை நம்பியதால்.

தொகுப்பை வாங்கினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வருடம் கேட்டு எடுத்தேன். காலரைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். சுமாரான படம். அவருடைய அடுத்த புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பது அதுதான்.

முதல் படம் என் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அழிக்க இன்னும் மனசு வரவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.