குதிரையும் ஃப்ரிட்ஜும்

மயிலாப்பூர் ஃப்ளாட்டில் பழைய ஃப்ரிட்ஜை விற்கப் போகிறீர்கள். 2006-ல் ஓ.எல்.எக்ஸ்., 2008-ல் குயிக்கர், அப்புறம் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் என்று வசதிக்கா பஞ்சம்? நாலு போட்டோ போட்டாயிற்று. அடையாறிலிருந்து புதுசாகக் கல்யாணமான தம்பதி வந்து நிற்கிறார்கள். மே மாச வெயிலில் கம்ப்ரஸர் மக்கர் பண்ணும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சொல்வீர்களா?

பி.காம். படித்தவர்களுக்கு இங்கே ஒரு குதிரை ஞாபகம் வரும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாயே திறக்காமல் இருந்தால் அது மோசடி இல்லை. (வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், மாடு வராது, குதிரைதான் வரும்.) ஆனால், வாங்குவது அப்போதுதான் மேஜரான சொந்த மகள் என்றால், சொல்லியே ஆகவேண்டும். 'நீங்க மறுக்கலேன்னா நல்ல குதிரைன்னு எடுத்துக்கறேன்' என்று வாங்குபவர் சொன்னபிறகு சும்மா இருந்தால், அந்த மௌனமும் பேச்சுதான்.

மகளுக்கு ஒரு நியாயம், மூன்றாம் மனிதருக்கு வேறு நியாயம். கோர்ட்டுக்கு இது போதும். எனக்கு உறுத்துகிறது. தி.நகர் கடைக்காரராவது நாளைக்கும் அதே தெருவில் கடை திறக்கவேண்டுமே என்று பயப்படுவார். உங்களுக்கு அந்தப் பயமும் இல்லை.

'செகண்ட் ஹேண்ட்னா அப்படித்தான், விலையிலேயே கழிச்சாச்சே' என்பீர்கள். கழித்தது வயசுக்கு; மக்கருக்கு இல்லை.

அந்தப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, 'நல்லாத்தானே ஓடுது?' என்கிறாள்.