கடைவீட்டுக் கம்பிகளுக்கும் வயதாகிறது

மலாக்கா லிட்டில் இந்தியா பக்கம், ஜாலான் பெண்டஹாராவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் நிற்கும் கடைவீடுகளில் பலவற்றுக்கு நம்மைவிட வயது அதிகம். கீழே கடை. மேலே ஒரு காலத்தில் வீடு, இப்போது ஸ்டோர். ஒரே கட்டடம் ஒரு தலைமுறைக்குள் நாலு தொழிலைப் பார்த்துவிடும். தையல் கடையாகத் தொடங்கும், வீடியோ கேசட் கடையாகும், சலூன் ஆகும், கடைசியில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையாக வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை மாறும், சாயம் மாறும், தரைக்குப் புது டைல்ஸ் வரும். சுவருக்குள் ஓடும் கம்பியை மட்டும் யாரும் தொடுவதில்லை. தையல்காரருக்குத் தேவைப்பட்டது இரண்டு டியூப் லைட், ஒரு காற்றாடி, ஒரு இஸ்திரிப் பெட்டி. சாப்பாட்டுக் கடைக்கு இரவு பகலாக ஓடும் இரண்டு ஃபிரீசர், ஒரு சில்லர், ஏர்கோன், கிரைண்டர், பெரிய ரைஸ் குக்கர், புகை இழுக்கும் மோட்டார் எல்லாம் வேண்டும். கம்பி அதே கம்பி.

இதைப் பற்றிக் கேட்டால் கடைக்காரர்களிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில்: "சுவிட்ச் ட்ரிப் ஆகலையே, அப்புறம் என்ன?" இந்தப் பதிலில் இருக்கும் நம்பிக்கைதான் ஆபத்து. எதைக் கண்டால் சுவிட்ச் விழும், எதைக் கண்டால் விழாது என்று தெரிந்துகொண்டால், பராமரிப்பு என்ற பெயரில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் பின்கதை. தான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் ரப்பர் யுகம் அங்கிருந்துதான் கிளம்பியது. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பாலில் ஒரு பங்கு, உலகம் முழுக்க மின்கம்பிகளுக்கு உறையாகப் போனது. பி.வி.சி. வருவதற்கு முன்பு கம்பிக்கு மேல் சுற்றியது ரப்பர்தான். அந்தக் காலத்துக் கம்பி இன்னும் சில பழைய கட்டடங்களின் கூரைக்கடியில், மரச்சட்டத்தில் தகரக் கிளிப் அடித்தபடி கிடக்கிறது. விரலால் தொட்டால் உறை பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் சூட்டிலும் காற்றிலும் காய்ந்து வெடித்துவிடும் பொருள். அதைச் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் தாமதமாகவே வந்தது. மத்திய மின்சார வாரியம் 1949இல் தொடங்கியது, 1965இல் அது எல்.எல்.என். ஆனது, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. ஆனால் பல தோட்டங்களில் வெகுநாள் வரைக்கும் ஓடியது தோட்டத்தின் சொந்த ஜெனரேட்டர்தான். பொழுது சாய்ந்ததும் லைட் வரும், குறித்த நேரத்தில் நின்றுவிடும். தொழிலாளர் குடியிருப்புக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் முதலாளி தந்தே ஆகவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் குடியிருப்பு வசதிச் சட்டம் சொல்லிற்று. அந்த ஜெனரேட்டர் காலத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. இன்ஜின் ரூமுக்கென்று ஒரு ஆள். எண்ணெய் பார்ப்பார், தண்ணீர் ஊற்றுவார், பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார், சத்தம் மாறினால் நிறுத்திவிடுவார். டவுனுக்கு வந்து கடை போட்டதும் அந்த ஆள் இல்லாமல் போனார். சத்தம் போடாமல் தேய்கிற கம்பியை யாரும் பார்க்கவில்லை.

இப்போது சுவிட்ச் விஷயத்துக்கு வருவோம். டி.பி. என்கிற மின்பகிர்வுப் பெட்டியில் வரிசையாக நிற்கும் எம்.சி.பி. சுவிட்ச் இரண்டு காரியங்களுக்காகச் செய்யப்பட்டது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் தொடர்ந்து போனால் விழ வேண்டும், ஷார்ட் ஆனால் நொடியில் விழ வேண்டும். அதற்கு வேறெதுவும் தெரியாது. குறிப்பாக, தளர்ந்துபோன ஒரு திருகாணி அதன் கண்ணுக்குப் படவே படாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபிரீசரும் ரைஸ் குக்கரும் ஓடும் ஒரு வரியில் 20 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். கம்பி வந்து திருகாணியில் மாட்டும் இடம் கொஞ்சம் தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும்: 400 பெருக்கல் 0.1, ஆக 40 வாட். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் கோலின் சூடு இது. அந்தச் சூடு முழுவதும் சுண்டுவிரல் நக அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவில், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இறங்குகிறது. எம்.சி.பி.யோ 20 ஆம்பியர்தானே போகிறது, அனுமதித்த அளவுதானே என்று சும்மா இருக்கும். மின்னழுத்தத்தில் குறைவது 2 வோல்ட். லைட் கூட மங்காது.

திருகாணி ஏன் தளர்கிறது? ஃபிரீசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு முறையும் செம்பு சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் பிடி விட்டுப்போகும். பிடி விட்ட இடத்தில் சூடு கூடும், செம்பின் மேல் கறுப்புப் படலம் கட்டும், தடை இன்னும் ஏறும். தானாகச் சரியாகும் கோளாறு இல்லை இது.

ஒரு சாப்பாட்டுக் கடையில், கடை மூடிய பிறகு வயர்மேன் தம்பி ஒருவர் டி.பி. பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி, வடகம் காய்ந்தது போல ஒட்டியிருந்தது. மூலையில் கருகிய பல்லி ஒன்று. ஐந்தாவது எம்.சி.பி.க்குக் கீழே வரும் சிவப்புக் கம்பி, மற்றவை போல் பளிச்சென்று இல்லாமல், இரண்டு அங்குல நீளத்துக்குப் பழுப்பாகி விறைத்திருந்தது. மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, திருகாணியில் ஸ்க்ரூட்ரைவரை வைத்தார். முக்கால் சுற்று உள்ளே போனது. "அண்ணே, இது நேத்து வரைக்கும் ஒரு தடவகூட ட்ரிப் ஆகியிருக்காது, கேட்டுப் பாருங்க" என்றார். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

தளர்ந்த இணைப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு நீதிமன்றப் பதிவில் வரிவரியாக நிற்கும் சாட்சி டில்லியின் உப்ஹார் தியேட்டர். 1997 ஜூன் 13 காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தியேட்டரின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் இருந்த டில்லி மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் சின்னத் தீ. ஊழியர்கள் வந்து, கருகிய கேபிள் முனைகளுக்குப் புது லக் மாட்டினார்கள். அதைக் கிரிம்பிங் மெஷினால் அழுத்திப் பிடிக்க வைக்க வேண்டும். அவர்கள் டையும் சுத்தியலும் வைத்து அடித்துப் பொருத்திவிட்டுப் போனார்கள். உச்சிவேளைக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மாலை ஐந்து மணியளவில் அந்த இணைப்பு விட்டு, கேபிள் விழுந்து டிரான்ஸ்ஃபார்மரின் ரேடியேட்டரில் பட்டது. பொத்துக்கொண்ட ஓட்டை வழியாக எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது, கார்கள் எரிந்தன, புகை மாடிப்படி வழியாக மேலே பால்கனிக்கு ஏறியது. அங்கே கூடுதல் நாற்காலி போடுவதற்காக வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சு முட்டித்தான். ஒரு கட்டடத்தில் மின்பராமரிப்பும் தப்பிக்கும் வழியும் இரண்டு வெவ்வேறு விஷயமாக இருப்பதில்லை. மாடியில் ஸ்டோர் என்ற பெயரில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பின்வாசலை அடைத்து வைத்திருக்கும் நம் கடைகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மலாக்காக் கடைவீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டியவை, பல இடங்களில் மேல்தளம் மரம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்கா சேர்ந்த பிறகு முகப்புக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது கூரைக்கடியில் ஓடும் கம்பிக்குக் காட்டலாம்.

அடுத்து, கம்பியின் உறை. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி சூடு வரை தாங்கும். அதற்கு மேல் தொடர்ந்து ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் உறையின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்துறையில் பழைய கணக்கு. ஓட்டுக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் இருக்கும் வெக்கையில், பத்துக் கம்பியை ஒரே குழாயில் திணித்து, முழுச் சுமையையும் ஏற்றினால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. எலி கடிப்பது வேறு. உறை எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்து அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வரியை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. போன தடவை 50 இருந்தது, இந்தத் தடவை 4 என்றால், விதிப்படி பாஸ்தான் என்றாலும் அங்கே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. இதனால்தான் அளவை எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

இ.எல்.சி.பி. என்று நாம் பழக்கத்தில் சொல்லும் கசிவுக் காப்பு சுவிட்ச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடைகளில் அதிகம் ஏமாற்றப்படுவது அதுதான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்க்கும். எங்காவது உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குக் கசிந்தால் விழும். வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் சாமான் மாட்டும் பிளக் பாயிண்டுக்கு 30, மற்றவற்றுக்கு 100 என்பது நம் நாட்டு வழக்கம். மழை நாளில், நள்ளிரவில், பழைய சில்லர் ஒன்று கசிந்து இந்தச் சுவிட்ச் விழுகிறது. காலையில் வந்து பார்த்தால் மீனும் கோழியும் கெட்டுக் கிடக்கிறது. கடைக்காரருக்குக் கோபம் வரும், நியாயம்தான். "இந்தச் சனியனைத் தூக்கிட்டு நேரா குடுத்துரு தம்பி" என்பார். தெரிந்த பையன் யாராவது செய்தும் விடுவான். அன்றிலிருந்து சில்லர் நிற்காது. ஈரக் கையோடு அதன் கதவைத் திறக்கும் சமையற்காரப் பெண்ணுக்கும் கம்பிக்கும் நடுவில் காப்பு எதுவும் மிச்சமிருக்காது. செய்ய வேண்டியது, கசியும் சாமானைக் கண்டுபிடிப்பதும், குளிர்பெட்டிகளுக்குத் தனி வரியும் தனிக் காப்பும் கொடுப்பதும்.

அந்தச் சுவிட்ச்சின் முகத்தில் டி என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் சுவிட்ச் செத்துவிட்டது. ஆனால் அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. இங்கே பெரும்பாலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் சொந்தத் தரைக்கம்பிதான் எர்த். கடலோரம், உப்புக்காற்று, அரிக்கும் மண். கிளேபாங் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். செம்பு விலை ஏறியதும் அந்தக் கம்பியையே அறுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதை அளக்க ஆள் வர வேண்டும்.

திரீ பேஸ் இணைப்பு உள்ள கடைகளுக்கு இன்னொன்று. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுக்கும் பொதுவாகத் திரும்பும் கறுப்புக் கம்பியான நியூட்ரல் தளர்ந்து விட்டுப்போனால், எந்த முனையில் சுமை குறைவோ அங்கே 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400ஐ நோக்கி ஏறும். டி.வி., கல்லாப்பெட்டி, கேமரா எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும். "டி.என்.பி. கரண்ட் ஏத்திவிட்டான்" என்று திட்டுவதற்கு முன்னால், நம் பெட்டியில் நியூட்ரல் பாரின் திருகாணிகளை யார் கடைசியாக முடுக்கினார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளின்படி, வீடு அல்லாத எந்தக் கட்டடத்தின் மின்அமைப்பையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். பாதுகாப்பு ரிலேக்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தகுதி பெற்றவர் என்றால் எரிசக்தி ஆணையத்தின் சான்று உள்ளவர். மருத்துவமனை, ஹோட்டல், பேரங்காடி போன்றவற்றுக்கு 1988 தீயணைப்புச் சட்டப்படி பொம்பா சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டாயம் இருப்பதால் அங்கே யாராவது வந்து பார்த்துவிடுகிறார்கள். தப்பிவிடுவது சின்னக் கடை, டியூஷன் சென்டர், கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபம். மண்டபத்தில் அன்றைக்கு மட்டும் என்று இழுத்த எக்ஸ்டென்ஷன் அடுத்த தைப்பூசத்துக்கும் அங்கேயே தொங்கும்.

யார் செலவு என்பதில்தான் காரியம் கெட்டுப்போகிறது. கட்டடம் தவுக்கேயுடையது, கரண்ட் பில் வாடகைக்காரர் பெயரில். அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். என் தீர்ப்பு: சுவருக்குள் இருப்பது உரிமையாளர் பொறுப்பு, டி.பி. பெட்டிக்கு வெளியே வாடகைக்காரர் கூட்டியது அவர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இதை எழுதிவிட்டால் சண்டை பாதியாகும். தொழில் மாறும்போதெல்லாம் சுமைக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும் என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் வயர்மேன் சான்றிதழ் எடுத்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். படித்து, பரீட்சை எழுதி வாங்கிய தாள் அது. பாதி விலைக்குச் செய்கிறேன் என்று வருகிறவனிடம் மெக்கர் இருக்காது, அளந்து எழுதிக் கொடுக்கவும் மாட்டான். வேலை முடிந்ததும் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள். எந்தச் சுவிட்ச் எந்த வரிக்கு என்று எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்று கடை மூடும்போது கல்லாவை எண்ணி முடித்ததும், குளிர்பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாம் நிற்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அந்த டி பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு, கடைசியாகச் சோதித்த தாளைத் தேடுங்கள். ஐந்து ஆண்டுக்குள் தேதியிட்ட தாள் கிடைக்கவில்லை என்றால், நாளைக்கே சான்று பெற்ற வயர்மேனுக்குப் போன் போடுங்கள்.