ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு ஆங்கிலம் படிப்பிக்க வருகிறவர் முதலில் பறிகொடுப்பது சனி, ஞாயிறைத்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாள்தான் அவருக்கு வகுப்பு நாள். காலையில் சின்னப் பிள்ளைகள், மத்தியானம் சாதாரண தரப் பரீட்சைக்காரர், பின்னேரம் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போக ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதக் காத்திருப்பவர்கள். அவருடைய ஞாயிறு திங்கட்கிழமைதான் வரும். அன்றைக்குத் தேவாலயத்தில் பாட ஆளிருக்காது, கிரிக்கெட் விளையாடக் கூட்டுமிருக்காது. ஊரே ஓடும்போது தனியாளாக உட்கார்ந்திருப்பது ஓய்வாகுமா? பழைய சமயங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது.

வெள்ளவத்தையில் ஞாயிறு காலை எப்படிப் போகிறது என்று பார்த்தால் கேள்வி இன்னும் சிக்கலாகும். நெற்றியில் விபூதியோடு அறநெறி வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளை ஓட்டோவில் ஏறுகிறது. ஒரு கையில் பாதி கடித்த ரோல்ஸ், மடியில் ஆங்கிலப் பயிற்சிக் கொப்பி, அதற்கு அடியில் தேவாரப் புத்தகம். அம்மா மணிக்கூட்டைப் பார்க்கிறார். அடுத்த வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம். காலி வீதியில் சிவப்பு விளக்கு.

இந்த நாட்டில் விடுமுறை நாளொன்றுக்கு முன்கதையாக மண்டைகள் நிஜமாகவே உடைந்ததும் உண்டு. இடம் கொட்டாஞ்சேனை. மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1873இல் பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களை எதிர்கொண்டு பேர்பெற்றவர், இருந்த விகாரை அங்கேதான். புனித லூசியாள் பேராலயமும் அதே ஊரில்தான். 1883ஆம் ஆண்டு விகாரையின் விழாவும் கத்தோலிக்கரின் பரிசுத்த வாரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பௌத்த ஊர்வலம் கொட்டாஞ்சேனையை நெருங்கியதும் தேவாலய மணிகள் அடித்தன, கூட்டம் திரண்டது, அடிதடியில் முடிந்தது.

குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கலோடு பௌத்தர்கள் அமெரிக்கரான ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டை அணுகினார்கள். அவர் 1884இல் லண்டன் போய்க் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சில் மனுக்கொடுத்தார். கோரிக்கைகளில் ஒன்று, வெசாக் பௌர்ணமியை அரச விடுமுறையாக்குவது. 1885இல் அது கிடைத்தது. கொட்டாஞ்சேனைத் தெருச் சண்டையொன்றுதான் இலங்கை நாட்காட்டியில் ஒரு பௌர்ணமிக்கு இடம் வாங்கிக்கொடுத்தது என்றால் மிகையில்லை.

அடுத்த ஆண்டு, 1886 நவம்பரில், புறக்கோட்டையில் பௌத்தப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆங்கிலப் பாடசாலை தொடங்கியது. பின்னாளில் ஆனந்தா கல்லூரியானது அதுவே. முதல் அதிபர் சார்ள்ஸ் லெட்பீட்டர், இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாக இருந்துவிட்டு இலங்கைக்கு வந்து பஞ்சசீலம் எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர். பௌத்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடத்தும் வழக்கம் வேர்விட்ட காலமும் அதுதான். மிஷனரி கொண்டுவந்த ஞாயிறு பாடசாலையை மிஷனரிக்கு எதிராகவே திருப்பினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதோடு ஞாயிறு எல்லாருக்கும் பொதுவாகிப் போயிற்று. சைவப் பிள்ளைகளின் அறநெறிப் பாடசாலையும் முஸ்லிம் பிள்ளைகளின் அஹதிய்யாவும் இன்றைக்கு அதே நாளில்தான். ஆண்டவர் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்ற கதையை நம்பாதவர்களும் அதன் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அட்டவணையையே மாற்றிப் பார்க்கவும் இலங்கை துணிந்தது. டட்லி சேனநாயக்க அரசு 1965ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தால் ஞாயிறு விடுமுறையை ரத்துச் செய்தது. 1966 தொடக்கம் பிறை மாறும் நான்கு போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய நாட்களும் வார விடுமுறையாயின. சந்திரனின் சுற்று இருபத்தொன்பதரை நாள். அதை நாலாகப் பிரித்தால் ஏழு வராது. ஆகவே ஒரு வாரம் ஏழு நாள், இன்னொன்று எட்டு. ஞாயிறு வேலைநாளாக வந்தால் கிறிஸ்தவர்கள் பூசையையும் வேலையையும் ஒரே நாளில் சமாளிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டோடு வியாபாரம் செய்தவர்களுக்கோ இலங்கை திறந்திருக்கும் நாளில் லண்டன் பூட்டிக் கிடந்தது. 1971இல் சிறிமாவோ அரசு பழைய வாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பௌர்ணமியை மட்டும் விடுமுறையாக வைத்துக்கொண்டது.

பிறை பார்த்து விடுமுறை விடும் அந்த ஏற்பாடு தமிழருக்கு முழுக்க அந்நியமாக இருந்திருக்கத் தேவையில்லை. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கு ஞாயிறு தெரியாது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி என்று திதி பார்த்துத்தான் விடுமுறை விட்டார்கள். மனுஸ்மிருதியும் வேதம் ஓதக்கூடாத நாட்களை இப்படித் திதி கணக்கில் பட்டியலிடுகிறது. அங்கே விடுமுறை குருவுக்கும் சேர்த்துத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நவராத்திரியில் சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை அடுக்கி வைத்துப் பொட்டிட்டு, அதைத் தொடக்கூடாது என்று சொன்ன சமூகம் இது.

இஸ்லாம் வேறு விதமாக யோசித்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விடச் சொல்லும் குர்ஆன், தொழுகை முடிந்ததும் கலைந்துபோய் இறைவனின் அருளைத் தேடவும் சொல்கிறது. நாள் முழுக்க வேலை நிறுத்தம் என்ற கட்டளை அங்கே இல்லை. யூதரின் ஓய்வுநாள் கட்டளைதான் ஆட்களை ஒவ்வொருவராக எண்ணுகிறது: மகன், மகள், வேலைக்காரர், கால்நடை, ஊர் வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியர். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் இந்தப் பட்டியலின் கடைசியில் நிற்கிறார்.

ஞாயிறு ரியூசனை நிறுத்துங்கள் என்று சமயத் தலைவர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். பிள்ளைக்குச் சமயம் படிக்க நேரம் வேண்டும் என்பது அவர்கள் பக்க நியாயம். நியாயம்தான். ஆனால் அறநெறி வகுப்புக்கும் பௌத்தரின் ஞாயிறு வகுப்பான தஹம் பாசலுக்கும் நேரசூசி இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. ஆக, ஒரு வகுப்பின் நேரத்தை இன்னொரு வகுப்பு கேட்கிறது. அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் சும்மா இருக்க விடுங்கள் என்று எந்தச் சமயத்தவரும் கேட்டதாகக் காணோம். சும்மா இருக்கும் சுகத்தைப் பாடிய தாயுமானவரின் பிள்ளைகளாவது கேட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் கொழும்பு வடக்கில் பெருங்கூட்டம் சேரும் வழிபாட்டு நாட்களில் ஒன்றுக்கு விடுமுறையே கிடையாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்தான் விசேஷம். கத்தோலிக்கர், சைவர், பௌத்தர் என்று எல்லாரும் வருகிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் அதுவும் ஒன்று. கோவில் திரும்பத் திறந்தபின் செவ்வாய்க் கூட்டமும் திரும்ப வந்தது. அந்த நாளுக்காக யாரும் லண்டனுக்கு மனுக்கொண்டு போகவில்லை, நாடாளுமன்றத்தில் சட்டமும் வரவில்லை. புறக்கோட்டைக் கடைப் பையன்கள் முதலாளியிடம் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு வந்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பக் கடைக்குப் போகிறார்கள்.