குதிரையின் குறையும் வண்டியின் குறையும்

ஒரு வீட்டில் பழைய வேன் ஒன்று இருக்குமாயின் அவ்வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. காலையில் எடுக்க மறுத்தது, ஏற்றத்தில் திணறியது, மழையில் நின்றது, பக்கத்துக் கதவு பாதி வழியில் சிக்கிக்கொண்டது என்று அதன் குறைகளை வீட்டார் உறவினர்க்கும் அண்டை அயலார்க்கும் அலுவலகத் தோழர்க்கும் அலுக்காமல் எடுத்துரைப்பர். கேட்பவர்தாம் அலுத்துப் போவார். ஆனால் அவ்வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்த நாளில் ஒரு வியப்பு நிகழ்கின்றது. பத்தாண்டுக் காலம் ஊரறிய முழங்கிய குறைகள் யாவும் ஓர் இரவில் வீட்டு மறைபொருள் ஆகிவிடுகின்றன. அவற்றை அறிதற்கு எவர் முதல் உரிமை உடையவரோ, அவர் ஒருவர்க்கு மட்டும் அவை சொல்லப்படுவதில்லை. இது முறையா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

வினா சிறிது என்று சிலர் நகைக்கலாம். பழைய வண்டி விற்பதில் என்ன தத்துவம் என்று கேட்கலாம். பெரிய அறங்களைப் பேசுவதற்கு நமக்கு மேடைகள் உண்டு. அவற்றைச் செய்து காட்டும் வாய்ப்போ வாழ்நாளில் சிலமுறைதான் வருகின்றது. அவற்றுள் ஒன்று, நமக்கு மட்டுமே தெரிந்த ஒரு குறையை, அதை அறியாத ஒருவரிடம் பணம் பெற்றுக்கொண்டு ஒப்படைக்கும் நேரம்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேன் என்பது வெறும் ஊர்தி அன்று. கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய தெருக்களிலும் குடியிருப்போர்க்கு வேர் ஒரு பக்கமும் கிளை ஒரு பக்கமுமாக வாழ்வு அமைந்துவிட்டது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு மாநிலத்தவராகவும் தம்பி மற்றொரு மாநிலத்தவராகவும் ஆயினர். அதன்பின் திருமணம் என்றாலும் இறப்பு என்றாலும் கோயில் கொடை என்றாலும் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் அந்தச் சாலைதான் உறவைக் கட்டி வைத்திருக்கின்றது. பாட்டியையும் பிள்ளைகளையும் பலகாரப் பாத்திரத்தையும் ஒருசேர ஏற்றிச் செல்ல வேன் போல் வாய்ப்பான வண்டி வேறில்லை.

அவ்வகையில் நம் நாட்டில் பெயர் பெற்றது மாருதியின் சிறு வேன். 1984-இல் வந்தது; பின்னர் ஆம்னி என்னும் பெயர் பூண்டது; 2019-இல் உற்பத்தி நின்றது. 796 கன செண்டிமீட்டர் அளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட சின்னஞ்சிறு எஞ்சின். அதனை முன் இருக்கைகளின் அடியிலே வைத்திருந்தனர். ஆகவே எஞ்சின் சூடேறுவதை அளவுமானி காட்டும் முன்னரே ஓட்டுபவரின் உடம்பு அறிந்துகொள்ளும். இன்று சாலையில் எஞ்சியிருப்பவற்றுள் மிகவும் இளையதற்கும் வயது பலவாகிவிட்டது. ஆம்னியோ வேறொன்றோ, முதுமை எய்திய வண்டிக்கு இவ்வூர் எளிய ஊர் அன்று. ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் தெருக்கள் கிளட்சைத் தேய்க்கும். சங்குமுகத்து உப்புக்காற்று தகட்டை அரிக்கும். தென்மேற்குப் பருவமழை ஒன்று, வடகிழக்குப் பருவமழை மற்றொன்று என ஆண்டுக்கு இருமுறை மின்கம்பிகளில் ஈரம் ஏறும்.

குறைகளுள் ஒருவகை உண்டு. ஒருமுறை உடைந்து, ஒருமுறை மாற்றி, அத்தோடு தீர்ந்துவிடும். அதனால் தொல்லை இல்லை. மற்றொரு வகை வந்து வந்து போவது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் தணிந்துவிடும் குழந்தையைப் போல, வண்டி ஒரு குறையும் இல்லாதது போல் ஓடும். ரேடியேட்டரை மாற்றினோம், கேஸ்கெட்டை மாற்றினோம், இன்னும் ஏன் கொதிக்கின்றது என்று உரிமையாளர் கேட்பார். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பார் மெக்கானிக். செய்தவன் சரியாகச் செய்யவில்லை என்பார் உரிமையாளர். பழி இவ்வாறு ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

செய்தவரைச் சட்டத்தின் முன் நிறுத்தும் வழி இப்பொழுது முன்னிலும் விரிந்துள்ளது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், குறையுள்ள பொருளால் விளையும் கேட்டிற்குச் செய்தவரும் விற்றவரும் பொறுப்பு என்று தனி இயலே வகுத்தது. அதே 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சீர்செய்யுமாறு நிறுவனத்திற்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கிற்று. ஆயினும் அதன்கீழ் எழுந்த விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளையே கருதுவன. முதிய வண்டியின் உரிமையாளர் தம் குறையைச் சொல்லி முறையிட, பெரும்பாலும் தம்மையன்றி வேறொருவர் இல்லை.

முறையிடுவோர் நெஞ்சில் அடியோட்டமாக ஓடும் சினம் ஒன்று உண்டு. அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். தெரிந்தும் சொல்லவில்லை என்பதே அச்சினம். அது வெற்றுச் சினமும் அன்று. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் பின்டோ என்னும் கார், பின்னால் மோதுண்டு தீப்பற்றிய 1972-ஆம் ஆண்டு விபத்தின் வழக்கில், எரிபொருள் தொட்டியின் வலுவின்மையை நிறுவனம் தன் சோதனைகளிலேயே அறிந்திருந்தது என்னும் சான்று வெளிப்பட்டது. கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-இல் நிறுவனத்தின்மேல் தண்டத்தொகை விதித்த தீர்ப்பை உறுதி செய்தது. அறிந்தும் வாளா இருந்தமையை மன்னிக்க எவர்க்கும் மனம் வரவில்லை. சரி, அறிந்தும் வாளா இருப்பது பெரிய நிறுவனத்திற்குப் பிழை எனின், மூன்றாம் தெருவில் குடியிருக்கும் நமக்கு மட்டும் அது எவ்வாறு சாமர்த்தியம் ஆகும்?

சட்டம் இங்கே நம் பக்கம் சாய்வது போலத் தோன்றும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பதினேழாம் பிரிவில் வஞ்சனை இன்னது என்று வரையறுத்து, வெறும் மௌனம் வஞ்சனை ஆகாது என்கின்றது. அதற்கு அது காட்டும் உதாரணம் ஒரு குதிரை. அக்காலத்தில் வேன் ஏது? நோயுற்ற குதிரையை அதன் நோய் அறிந்த ஒருவன் ஏலத்தில் விற்கிறான். நோயைப் பற்றி வாய் திறவாது இருக்கிறான். அது வஞ்சனை அன்று. பலர் இந்த இடத்திலேயே நூலை மூடிவிடுவர். அடுத்த இரண்டு உதாரணங்களையும் படித்தல் வேண்டும். வாங்குபவள் விற்பவனின் மகள், அண்மையில்தான் பருவ வயது எய்தியவள் என்றால், அவ்வுறவின் பொருட்டே குதிரையின் நோயைச் சொல்வது அவன் கடமை ஆகின்றது. இனி, வாங்குபவன் விற்பவனை நோக்கி, நீ மறுக்காவிடில் குதிரை நலமானது என்றே கொள்வேன் என்று சொல்லி, விற்பவன் பேசாதிருந்தால், அம்மௌனம் பேச்சே ஆகும்.

இந்த மூன்றாம் உதாரணம் நம் வீட்டுத் திண்ணையில் நாளும் நடப்பது. வாங்க வந்தவர் நேரே எதையும் கேட்பதில்லை. உங்கள் வண்டி என்றால் எனக்கு நம்பிக்கைதான், அதிகம் பார்க்க வேண்டியதில்லை என்கிறார். விற்பவர் புன்னகை செய்து, தேநீர் கொண்டுவரச் சொல்கிறார். அந்தப் புன்னகைக்கு வாய் உண்டு என்பதை 1872-இலேயே அறிந்திருக்கின்றனர்.

இரண்டாம் உதாரணமோ இன்னும் ஆழமானது. மகளுக்குச் சொல்ல வேண்டும், அயலாருக்கு வேண்டியதில்லை என்பது சட்டத்தின் கோடு. மகள் யார்? நம் வண்டியை வாங்க வருபவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் அல்லர். சங்கத்தில் உடன் அமர்ந்தவர். குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் நம் உறவினர்க்கு உறவினர். ஊர்க்காரர் என்ற ஒரு சொல்லை நம்பியே வண்டிக்கடைக்குப் போகாமல் நம்மிடம் வந்தவர். அண்ணாச்சி என்று அவர் அழைக்கும்போது நாம் ஏற்றுக்கொள்கிறோம். விலை பேசும் வரை உறவாகவும், பேசி முடிந்தபின் சட்டத்தின் அயலாராகவும் ஒருவரை நடத்துதல் எத்தகைய கணக்கு?

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று, உலகிற்கும் புதிதன்று. ரோமானிய அறிஞர் சிசெரோ கி.மு. 44-இல், ஏதென்சில் கல்வி பயின்ற தம் மகனுக்கு எழுதிய கடமை நூலில் இதனை விரிவாகவே ஆராய்ந்தார். பஞ்சம் நிலவும் ரோட்ஸ் தீவிற்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பல் ஒன்று வருகின்றது. பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பதை வணிகன் அறிவான். அதைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பதா, சொல்லாமல் மிகுந்த விலைக்கு விற்பதா? அடுத்து ஒரு வீடு. அதன் மரம் உளுத்தது, வாழத் தகாதது, அஃது உரிமையாளன் ஒருவனுக்கே தெரியும். சட்டம் கேட்பதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, வாங்குபவன் கண்ணும் கருத்தும் உடையவன்தானே என்கிறார் பாபிலோனிய டயோஜீனஸ். அவர் மாணாக்கர் ஆண்டிபேட்டரோ, சொல்லாதிருப்பது வழி தவறியவனுக்கு வழி காட்டாது விடுவதை ஒக்கும், அதனினும் கொடிது என்று ஆசிரியரையே மறுக்கிறார். சிசெரோ மாணாக்கர் பக்கம் நின்றார். பேசாதிருத்தல் எல்லாம் மறைத்தல் ஆகாது. தனக்கு ஊதியம் வேண்டி, பிறர் அறிந்திருந்தால் அவர்க்குப் பயன்படக்கூடிய ஒன்றை அறியவிடாது வைத்தலே மறைத்தல் என்று அவர் பிரித்துக் காட்டினார். நம் பட்டினப்பாலையில் வரும் பூம்புகார் வணிகரும் பழிக்கு அஞ்சி மெய் பேசியவர். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரு நிகராக எண்ணியவர். அவர்கள் மரபில் வந்தோம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம்.

மறுப்பு ஒன்று வலுவாகவே எழும். எல்லாரும் மறைக்கும் சந்தையில் நான் ஒருவன் மெய் பேசினால், வாங்குபவர் நான் சொல்லாத குறைகளும் இருப்பதாக எண்ணி இன்னும் குறைத்துக் கேட்பாரே? இதை எளிதில் தள்ள இயலாது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியது இதுவே. பழைய கார்ச் சந்தையில் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். எனவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் ஐயத்தின் விலையையே தருவார்; அவ்விலைக்கு நல்ல வண்டியைத் தர மனமின்றி நல்லவர் விலகுவார்; சந்தையில் எஞ்சுபவை எலுமிச்சைகளே. அமெரிக்கர் பழுதான காரை எலுமிச்சை என்பர். நாமோ வண்டி நலமாக ஓட வேண்டி எலுமிச்சையைச் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்குகிறோம்! அக்கர்லாஃபுக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆயின் அக்கட்டுரை சொல்வதை முழுதும் எண்ணினால், மெய் பேசுபவரை நட்டப்படுத்துவது அவர் பேசிய மெய் அன்று. அவர்க்கு முன் விற்ற பலருடைய மௌனம். நாம் வாய் மூடினால் அந்த நட்டத்தை நமக்குப்பின் விற்பவர் தலையில் ஏற்றுகிறோம்.

பணமுடை உள்ள விற்பனையாளரை நான் மறந்துவிடவில்லை. மகள் கல்லூரிக் கட்டணத்திற்காக விற்பவர் உண்டு. பணி ஓய்வு பெற்று ஊர் திரும்புபவர் உண்டு. அவர்க்குப் பத்தாயிரம் ரூபாய் பெருந்தொகை. ஆனால் முதிய வேனை வாங்குபவர் யார்? புதியது வாங்க வகையற்றவர். பெரும்பாலும் நம்மினும் எளியவர். நாம் மறைத்த குறைக்கு அவர் தரப்போகும் விலை நாம் காத்துக்கொண்ட பத்தாயிரத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை. அந்த வண்டியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கு விடுவதே அவர் பிழைப்பாகவும் இருக்கலாம்.

கிழிந்த இருக்கையையும் மங்கிய வண்ணத்தையும் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுள்ளவர் காண்பர். ஒப்பந்தச் சட்டமும், வாங்குபவர் இயல்பான விழிப்போடு பார்த்தால் கண்டுகொள்ளக்கூடிய குறை மறைக்கப்பட்டதென்று பின்னர் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்கின்றது. வந்து வந்து போகும் கோளாறோ எந்த விழிப்புக்கும் அகப்படாதது. பாளையத்திலிருந்து கவடியார் வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவர்க்கு, ஒரு மணி நேரம் ஓடிய பின்னரே, களியக்காவிளை தாண்டியே தலைகாட்டும் கொதிப்பு எங்ஙனம் தெரியும்? மழைநாளில் மட்டும் பிரேக்கு ஒரு பக்கமாக இழுப்பது கோடையில் வாங்குபவர்க்கு எங்ஙனம் தெரியும்? உடன் வாழ்ந்தவர்க்கு மட்டுமே கிட்டும் அறிவு அது. பேரம் பேசுங்கள், விலையை விட்டுக்கொடுக்காதீர்கள், அஃது உங்கள் உரிமை. உயிரைத் தொடும் குறையை மட்டும், அவர் கேளாமலே, முன்பணம் வாங்கும் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும் என்பது என் துணிபு.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நெடுநாள் உடன் வாழ்ந்த குறை, குறையாகவே தோன்றாது போய்விடும். பிரேக்கை இருமுறை மிதிக்கக் கால் தானே பழகிவிடும். இரண்டாம் கியருக்குச் சற்று இடப்பக்கம் சாய்த்துத் தள்ளக் கை பழகிவிடும். பக்கத்துக் கதவை மேலே தூக்கி இழுக்கப் பிள்ளைகள் பழகிவிடுவர். கேட்டால், வண்டியில் ஒன்றும் இல்லையே என்று நெஞ்சறிந்து சொல்வோம், பொய்யும் அன்று. வண்டியின் பழுதில் பாதியை நம் உடம்பு சுமந்துகொண்டிருந்தது. வண்டி கைமாறும்போது அப்பழக்கம் கைமாறுவதில்லை. புதியவரின் கால் ஒருமுறைதான் மிதிக்கும். ஆகவே விற்பவரின் கடமை, அறிந்ததைச் சொல்வதோடு முடிவதில்லை; தாம் அறிந்திருப்பதையே மறந்துவிட்டவற்றை உட்கார்ந்து நினைவுகூர்தலும் அதில் அடங்கும். வீட்டில் வண்டி ஓட்டும் மற்றொருவரை அருகில் வைத்துக்கொண்டு நினைவுகூர்தல் நன்று. தந்தை மறந்ததை மகன் சொல்வான்; இருவரும் மறந்ததை, பின்னிருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு பயணத்திலும் அஞ்சிய தாய் சொல்வாள்.

வாங்குபவர் முகம் தெரிந்தவரை இவ்வளவும் கூடும். இக்காலத்தில் பலர் பழையதைக் கடையில் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்கின்றனர். அல்லது தரகர் கையில் ஒப்படைக்கின்றனர். வண்டி ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று மாநிலம் கடந்து, வேறு எண் பூண்டு, நாம் ஒருபோதும் காணாத ஒருவரிடம் சென்று சேர்கின்றது. அங்கே ஆண்டிபேட்டரின் வழிகாட்டி யாரிடம் போய்ச் சொல்வான்? செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவுச் சான்று, காப்புறுதி, புகைச் சான்று ஆகியவற்றோடு, எந்த மாதம் எது பழுதுபட்டது, எது மாற்றப்பட்டது, எது மாற்றியும் தீரவில்லை என்று தேதியிட்டு எழுதிய சிறு குறிப்பேடு ஒன்றை வண்டியின் முன்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். தரகர் அதனைப் படித்துச் சிரிக்கலாம். வண்டியைக் கழுவும்போதே எடுத்து எறிந்துவிடவும் கூடும். எறிந்தாரா, அடுத்தவர் கையில் சேர்த்தாரா என்பதை, வண்டியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பும் மனிதர் அறிந்துகொள்ள வழியில்லை.